நாலாம் நம்பர் மைக்

தக்கலையில் பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
சுயம்பு சவுண்ட்ஸ், என் கடை.
பன்னிரண்டு பாக்ஸ், எட்டு ஹாரன், ஒரு மிக்சர்,
ஒரு தார்ப்பாய்.
வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற ஊரில்
தார்ப்பாயை நம்பித்தான் மைக் தொழில்.

மார்ச்சில் மூன்று கட்சிக்கும் நான்தான் கட்டினேன்.
திங்கள் மேக்காமண்டபம்,
செவ்வாய் அழகியமண்டபம்,
வெள்ளி குலசேகரம் சந்தை.
ஒரே மைக்கில் நின்று
ஒருத்தரை ஒருத்தர் களவாணி என்றார்கள்.
ராத்திரி டெட்டால் துணியால் வலையைத் துடைத்தேன்.
யாருடைய எச்சில் என்று மைக்குக்குத் தெரியாது.

பில்லை மூன்றாகத்தான் எழுதினேன்.
மூன்று பேரும் சொன்னது ஒன்று:
"ஆபீசுல கொண்டு குடும் வேய்."

ஆபீஸ் என்றால் கலெக்டர் ஆபீஸ் இல்லை.
குவாரி, எம்-சாண்ட், கல்யாண மண்டபம்,
நர்சிங் காலேஜ், பிறகு அந்தச் சானல்.
எங்கள் பக்கம் சானல் என்றால்
முன்பெல்லாம் அணைத்தண்ணீர் வருகிற வாய்க்கால்.
அது கடைவரம்பு வரை வருவதில்லை.
இது எல்லா வீட்டுக்கும் வருகிறது.

கேஷியர் றோஸ்லெட்
மூன்று பில்லையும் அடுக்கி
ஒரே குண்டூசியில் குத்தினாள்.
"மீதி பிறகு தாறோம் அண்ணே."

ஆடியில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
ஆனைக்கிடந்தான் பாறையை
இன்னும் பதினேழு ஏக்கர் உடைக்கலாமா என்று.
மண்டபம் ஆபீசுடையது. பழம்பொரியும் டீயும்கூட.
மேடைக்கு மூன்று மைக்,
சனத்துக்கு ஒன்று. நாலாம் நம்பர்.

கட்சிக்காரர்கள் முதல் வரிசை.
சந்தையில் களவாணி என்று கத்தியவர்
அந்தக் களவாணிக்கு
நாற்காலி இழுத்துப் போட்டுக் கொடுத்தார்.
"எதிர்க்கிறோம், ஆனால் முறைப்படி" என்றார் ஒருவர்.
கைதட்டல் நன்றாகவே பதிவானது.

பிறகு புஷ்பலீலா எழும்பி வந்தாள்.
பால்வெட்டுக்காரி. எழுதிக் கொண்டுவந்ததை வாசிக்கவில்லை.
"சாறே, மத்தியானம் ரெண்டரைக்கு வெடி போடுவாங்க.
அப்போ எங்க வீட்டுத் தொட்டில் தானா ஆடும்.
பிள்ளை முழிச்சிட்டுன்னு ஓடி வருவேன்.
அது உறங்கிட்டுதான் கிடக்கும்.
கிணத்துத் தண்ணி வெளுத்துப் போச்சு.
காய்ச்சினா அடியில கல்லு நிக்குது.
போன தேர்தல்ல மூணு பேரும் வந்து குடிச்சுப் பாத்தாங்க,
இந்தா இருக்காங்க, கேளுங்க, வாறதுக்கு முன்னே
எந்த வண்டியில வந்தாங்கன்னும் கே..."

மேனேஜர் எனக்குச் சைகை காட்டவில்லை.
இதைச் சொல்லியே ஆகவேண்டும்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.
மார்ச் பாக்கி நாற்பத்தாறாயிரம் நின்றது.
நாலாம் நம்பர் லீவரை
என் விரல் கீழே இழுத்தது.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
மைக்கைத் தட்டிப் பார்த்தாள். ஊதிப் பார்த்தாள்.
நான் குனிந்து ஒயரைத் தேடினேன்,
ஒன்றும் இல்லாத இடத்தில் வெகு நேரம்.
"சின்ன கோளாறு, பொறுத்துக்கொள்ளவும்."
அறிவித்தது ஒன்றாம் நம்பரில்.
அது தெளிவாகக் கேட்டது.

ராத்திரிச் செய்தியில்
கூட்டம் அமைதியாக நடந்து முடிந்தது.
சனிக்கிழமை பாக்கி வந்தது.
பத்து பைசா குறைக்காமல்,
முதல் தடவையாக.

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தாள்.
பாவம், மைக் சரியாயிற்றா என்றுதான் முதலில் கேட்டாள்.
அப்புறம் முந்தியில் முடிந்திருந்த
நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து,
"ஒத்த ஹாரனுக்கு எவ்வளவு வாடகை?
முக்குல நாங்களே ஒரு கூட்டம் போடப் போறோம்."

தேதி பார்க்க வேண்டும் என்றேன்.
நோட்டை எடுத்தேன்.
ஆடியில் கல்யாணம் கிடையாது, மாதம் முழுக்க வெள்ளைத்தாள்.
அவள் ஓரமாய் நின்றாள்,
மழை வலுத்தது.
புரட்டிக்கொண்டே இருந்தேன்.